மென்பொருட் பதிப்புகளும் நைற் கப்பிற்றலின் வீழ்ச்சியும்

மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளை ஒழுங்குறப் பேணும் முயற்சி, 1972இல் பெல் ஆய்வுகூடத்தில் மார்க் ரொச்கைன்ட் உருவாக்கிய முறையுடன் தொடங்கிற்று எனலாம். ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து, வேண்டியபோது பழைய பதிப்பை மீட்க அம்முறை வழிசெய்தது. ஆயினும், பதிப்புகளைப் பேணுதல் வேறு. எந்தச் சேவையகத்தில் எந்தப் பதிப்பு இயங்குகின்றதென அறிந்திருத்தல் வேறு. இவ்வேறுபாட்டை மறந்தமைக்கான விலையை அமெரிக்காவின் நைற் கப்பிற்றல் நிறுவனம் 2012 ஓகஸ்ட் 1ஆம் திகதி செலுத்தியது.

பங்குக் கட்டளைகளை அனுப்பும் அதன் எட்டுச் சேவையகங்களுள் ஏழில் மட்டுமே புதிய மென்பொருள் நிறுவப்பட்டிருந்தது. நிறுவுதலை இன்னொருவர் சரிபார்க்க வேண்டுமென்ற எழுத்துமூல விதி அங்கிருக்கவில்லை. 2003 முதல் பயன்பாடற்றுக் கிடந்த நிரற்பகுதி எட்டாவதில் எஞ்சியிருந்தது. புதிய வசதியை இயக்கும் குறியீடு முன்னர் அப்பழைய பகுதிக்கு உரியதாயிருந்தமையால், சந்தை திறந்ததும் அது கட்டளைகளை இடைவிடாது அனுப்பலாயிற்று. தவறு புதிய பதிப்பிலேயே உளதெனக் கருதியோர் ஏனைய ஏழிலிருந்தும் அதனை நீக்கினர். விளைவாக, பழைய பகுதி அவற்றிலும் இயங்கிற்று. ஏறத்தாழ 45 நிமிடங்களில் ஏற்பட்ட கட்டளைகளால் விளைந்த நட்டம் 46 கோடி டொலருக்கும் அதிகமாகும். 2013இல் அந்நிறுவனம் கெற்கோ நிறுவனத்துடன் இணைந்து தனித்துவம் இழந்தது.

பழைய பதிப்புக்கு மீளுதல் எக்காலும் பாதுகாப்பானதென்ற நம்பிக்கையை இந்நிகழ்ச்சி தகர்த்தது. முன்னைய நிலையை முற்றாக அறிந்தவர்க்கே மீட்பு கைகூடும்.