ஆத்தா நட்ட குச்சி

செம்பருத்திக் காயை யாராவது பார்த்திருக்கீங்களா? பூ இல்லை, காய். போன வாரம் சென்னையிலிருந்து வந்த நண்பர் ஒருத்தர்கிட்ட இதைக் கேட்டேன். "எங்க அபார்ட்மெண்ட் வாசல்லயே ரெண்டு செடி இருக்கு, கவனிச்சதில்லையே" என்றார். கவனிச்சாலும் கிடைச்சிருக்காது. வெண்டை காய்க்கும், பருத்தி காய்க்கும், பூவரசு காய்க்கும். அத்தனைக்கும் பங்காளியான செம்பருத்தி மட்டும் பூத்து, மறுநாள் சுருண்டு விழுந்துடும். எங்க ஊர்ப் பக்கத்தில் ஐம்பது வருசத்தில் நான் ஒரு காய் பார்த்ததில்லை. நீங்க பார்க்கிற செம்பருத்தி எல்லாம் யாரோ, எங்கிருந்தோ ஒடிச்சிட்டு வந்து நட்ட குச்சிதான்.

பங்காளின்னு நான் சும்மா சொல்லலை. பேரிலேயே பருத்தி இருக்கே. பருத்திப் பூவையும் வெண்டைப் பூவையும் செம்பருத்தியையும் பக்கத்தில் வெச்சுப் பாருங்க, நடுவில் நீட்டிக்கிட்டு நிற்கிற தண்டும் அதில் ஒட்டின மகரந்தமும் ஒரே அச்சு. பேர் வெச்ச நம்ம ஆளுங்க யாரும் காலேஜ் போகலை. 1753இல் லின்னேயஸ் இந்தச் செடிகளுக்கெல்லாம் லத்தீன் பேர் வெச்சபோது வெண்டையையும் ஹைபிஸ்கஸ் என்றுதான் எழுதினார். பின்னாடி வந்தவங்கதான் அதைத் தனிக்குடித்தனம் வெச்சாங்க.

லின்னேயசுக்கு முன்னாடியே நம்ம பக்கத்துச் செடி புத்தகம் ஏறிடுச்சு. கொச்சியில் டச்சுக்காரங்க ஆண்ட காலத்தில், வான் ரீட் என்ற அதிகாரி மலபார்ச் செடிகளைப் படத்தோடு தொகுத்தார். 'ஹோர்த்துஸ் மலபாரிகஸ்' என்று 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதியா வந்தது. மூலிகை விவரம் சொன்னவர்களில் முக்கியமானவர் இட்டி அச்சுதன் என்ற மலையாள வைத்தியர். அதில் செம்பரத்தி என்ற பேரோடுதான் நம்ம பூ இருக்கு. லின்னேயஸ் பேர் வெச்சபோது அதைச் 'சீன ரோஜா' ஆக்கிட்டார்.

சீனாவிலும் இது காட்டில் தானா முளைச்சு நிற்கிறதைப் பார்த்ததில்லையாம். எங்கேயுமே இல்லை. சமீபத்தில் ஆராய்ச்சிக்காரங்க சொல்றது இன்னும் வியப்பு: பசிபிக் கடலில் வனுவாட்டுத் தீவிலிருந்த ஒரு செடியும் தாஹித்திப் பக்கத்துச் செடியும் கலந்து பிறந்தது இது, படகில் ஊர் ஊராப் போன பாலினேசிய மக்கள் இதைக் கையோடு கொண்டுபோய்ப் பரப்பியிருக்கணும் என்கிறாங்க. கலப்பில் பிறந்த செடிக்கு விதை கட்டாதது புதுசில்லை. அப்ப, அந்தப் படகுக் காலத்திலிருந்து கை மாறி கை மாறி வந்த குச்சிகளில் ஒண்ணுதான் எங்க ஆத்தா (அப்பாவைப் பெத்தவங்க) கோபிப் பக்கம் அவங்க பொறந்த வீட்டிலிருந்து கல்யாணத்துக்கு அப்புறம் கொண்டுவந்து எங்க கிணத்து மேட்டில் நட்டது.

ஆத்தா தலைக்கு அரைக்கிறது அரப்பும் செம்பருத்தி இலையும். பூ சாமிக்கு, இலை தலைக்கு. இப்ப கடையில் விக்கிற எண்ணெய்ப் பாட்டில் எல்லாத்திலும் பூப் படம்தான். ஆனா சென்னை அடையாறில் இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் 2003 வாக்கில் இலைச் சாரத்தையும் பூச் சாரத்தையும் எலிகளுக்குத் தடவிப் பார்த்திருக்காங்க. முடி வளர்ச்சியில் இலைதான் ஜெயிச்சிருக்கு. எலிக்கு வளர்ந்தது உங்களுக்கும் வளரும்னு நான் சொல்ல வரலை. ஆத்தா இலையைப் பறிச்சதில் ஒரு காரணம் இருந்திருக்கலாம், அவ்வளவுதான்.

இன்னொண்ணு, 'ஹைபிஸ்கஸ் டீ' குடிக்கிற நண்பர்கள் கவனிக்கணும். பாக்கெட் மேல செம்பருத்திப் படம் போட்டிருந்தாலும், ரத்த அழுத்தத்துக்கு நல்லதுன்னு ஆராய்ச்சி நடந்தது வேற செடியில். அது புளிச்சக்கீரை இனம், ஆந்திராக்காரங்க கோங்கூரா. அதில் இதழ் உதிர்ந்த பிறகு காயைச் சுத்தி நிற்கிற சிவப்பு மடல்தான் டீ. 2010இல் அமெரிக்காவில் 65 பேரை வெச்சு ஆறு வாரம் சோதிச்சாங்க. தினம் மூணு கப் குடிச்சவங்களுக்கு மேல் அழுத்தம் சராசரியா 7 புள்ளி குறைஞ்சது. சும்மா சிவப்புத் தண்ணி குடிச்சவங்களுக்கு ஒண்ணு சொச்சம்தான். நம்ம வேலிச் செம்பருத்திக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. பொருந்துற கணக்கு வேற இருக்கு: 1970களில் காசி பல்கலைக்கழகத்தில் இந்தப் பூவின் சாரம் எலிகளில் கருத்தடை செய்யுதான்னு ஆராய்ஞ்சாங்க, செய்யுதுன்னும் எழுதினாங்க. கர்ப்பமா இருக்கிறவங்களும் குழந்தைக்குக் காத்திருக்கிறவங்களும் டாக்டரைக் கேட்காம இதைக் குடிக்க வேண்டாம்.

சரி, கிணத்து மேட்டுக்கு வர்றேன்.

2008இல் கோயமுத்தூர்ப் பக்கம் பப்பாளியில் ஒரு வெள்ளைப் பூச்சி வந்தது. மெக்சிகோப் பக்கத்து மாவுப்பூச்சி. அடுத்த வருசம் எங்க ஊரில் பப்பாளி, மல்பெரி, குச்சிக்கிழங்கு எல்லாம் மாவு தூவின மாதிரி ஆயிடுச்சு. எத்தனை மருந்து அடிச்சாலும் அதன் மேல இருக்கிற மெழுகு உள்ளே விடலை. மல்பெரிக்கு மருந்தடிச்சா பட்டுப்புழு செத்துடும். எங்களுக்கு ரெண்டு ஏக்கர் மல்பெரி, ஒரு வருமானமும் அதுதான். அந்தப் பூச்சிக்குச் செம்பருத்தியும் தீனி. வயலைச் சுத்தி அது தங்குற செடியை எல்லாம் எடுங்கன்னு சொன்னாங்க. அப்பா துத்தியைப் பிடுங்கினார், பார்த்தீனியத்தைப் பிடுங்கினார். கடைசியாக் கிணத்து மேட்டுக்கு அரிவாளோடு போனார். ஆத்தா திண்ணையில் உக்காந்து பார்த்துட்டே இருந்தாங்க. "வெட்டுனா தளுக்கும் சாமி, வேரோட எடு" என்று மட்டும் சொன்னாங்க. வேரோடு எடுத்து எரிச்சோம்.

அப்படியும் மல்பெரி தப்பிக்கலை.

2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்தாங்க. பெங்களூரில் வளர்த்து, அக்டோபரில் கோவை வேளாண் பல்கலைக்கழகம் வழியா வயல்களுக்கு விட ஆரம்பிச்சாங்க. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மாவுப்பூச்சிக்குள்ளேயே முட்டை வெச்சு, உள்ளே இருந்தே தின்னுட்டு வெளியே வரும். எங்களுக்குச் சின்ன டப்பாவில் இலவசமாக் குடுத்தாங்க. "இதுக்கா இவ்ளோ தூரம் பஸ் ஏறி வந்தோம்"ன்னு அப்பா முணுமுணுத்தார். சில மாசத்தில் தோட்டம் பச்சையாச்சு. செடியை வெட்டாம ஒரு வருசம் பொறுத்திருந்தா அதுவும் பிழைச்சிருக்கும்.

ஆத்தா அந்த ஆடியிலேயே போயிட்டாங்க.

அஞ்சாறு வருசம் கழிச்சு, அத்தை வீட்டுக் கொல்லையில் அதே செடியைப் பார்த்தேன். அத்தை கல்யாணமாகிப் போனப்ப ஆத்தா ஒடிச்சுக் குடுத்தது. விதையில் வந்திருந்தா அது பிள்ளைச் செடி. குச்சியில் வந்ததால் அதுவேதான் இது, துளி மாற்றம் இல்லாமல். ஒரு சாண் ஒடிச்சு, ஈரத்துணியில் சுத்தி எடுத்துட்டு வந்து, பழைய இடத்திலேயே நட்டேன். அப்பா எட்டி நின்னு பார்த்தார். தண்ணி மட்டும் தினமும் அவர்தான் ஊத்தினார்.

இப்ப என் உயரத்துக்கு மேல நிற்குது. குச்சி வேணும்கிறவங்க மழை பிடிச்சதும் வாங்க. பென்சில் தடிமனில், மூணு நாலு கணு இருக்கிற மாதிரி எடுக்கணும். கீழ்ப்பக்கத்தைச் சாய்வா வெட்டி நிழலில் நட்டா ஒரு மாசத்தில் வேர் பிடிக்கும்.