பட்டத் தேர்ச்சியில் வகுப்பும் தரப்புள்ளியும்

சென்ற திங்கள் நம் சங்கத்தின் கல்வியுதவிக்கு வந்த விண்ணப்பங்களைத் திருநின்றவூரில் யாம் சிலர் கூடி ஆராய்ந்தோம். ஒரு பெண்ணின் மதிப்பெண் தாளில் 6.4 என்றிருந்தது. “பத்துக்கு ஆறரையும் எட்டாத பிள்ளைக்கு உதவி எதற்கு?” என்று முதியவர் ஒருவர் அதனை ஒதுக்கிவைத்தார். அவரும் தம் காலத்தில் பி.ஏ. தேறியவரே, நூற்றுக்கு அறுபது முதல் வகுப்பென்பதை நன்கறிந்தவர். 6.4 என்பதும் முதல் வகுப்பே என்று யாம் எடுத்துரைத்த பின்னரே அவ்விண்ணப்பம் மீண்டும் கட்டினுட் சேர்ந்தது. கற்றவர் வீடுகளிலேயே இம்மயக்கம் இருத்தலின், இவ்வெண்ணின் வரலாற்றை ஈண்டுச் சிறிது உரைக்கப் புகுந்தோம்.

மாணாக்கரைத் தரம்பிரித்தல் நமக்குப் புதிதன்று. நன்னூற் பாயிரம் அன்னமும் பசுவும் போல்வாரை முதல் மாணாக்கரெனவும், மண்ணும் கிளியும் போல்வாரை இடை மாணாக்கரெனவும், ஓட்டைக் குடம், ஆடு, எருமை, பன்னாடை போல்வாரைக் கடை மாணாக்கரெனவும் வகுத்தது. அமெரிக்காவில் யேல் கல்லூரித் தலைவர் எஸ்றா ஸ்டைல்ஸ் 1785-இல் தம் மாணவர் 58 பேரை நான்கு தரமாக்கி நாட்குறிப்பில் எழுதிவைத்தார். இவ்விரண்டிலும் தரம் உண்டு, புள்ளி இல்லை.

சென்னைச் சர்வகலாசாலை 1857 செப்டம்பர் 5-இல், லண்டன் சர்வகலாசாலையை முன்மாதிரியாகக் கொண்டு தோன்றியது. அதற்கு முந்தின ஆண்டிலேதான் ராயபுரத்திலிருந்து நம் ஊர்ப்பக்கமாக வாலாஜா ரோடு வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டது. தொடக்கத்தில் தேர்வு நடத்துவதே அச்சர்வகலாசாலையின் தொழில். கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம் பிள்ளையும், கரோல் விசுவநாத பிள்ளையும் அதன் முதற் பட்டதாரிகள்.

அக்காலத்தில் ஒரு பாடத்திற் காட்டிய சிறப்பு மற்றொன்றின் குறையை நிரப்பாது. சீனிவாச இராமானுஜன் வரலாறு யாவரும் அறிந்ததே. கணிதத்தில் நிகரற்றிருந்தும் பிற பாடங்களில் தவறிக் கும்பகோணத்தில் உதவித்தொகையை இழந்தார். பின்னர்ப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் 1907-இல் எப்.ஏ. தேர்வில் தோற்றார். பட்டமின்றியே 1914-இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார்.

சென்னைச் சர்வகலாசாலையின் இணைப்புக் கல்லூரிகளில் 2008-09 கல்வியாண்டு முதல் கிரெடிட் முறை வந்தது. ஒவ்வொரு பாடத்திற்கும் ஓர் எடை உண்டு, அதுவே கிரெடிட். மதிப்பெண்ணைப் பத்தால் வகுத்தாற் கிடைப்பது தரப்புள்ளி. 64 மதிப்பெண் 6.4 ஆகும். தரப்புள்ளியைக் கிரெடிட்டாற் பெருக்கி, எல்லாவற்றையுங் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுத்தல் வேண்டும். நாற்பதிற் குறைந்தாற் புள்ளி சுழியமே. அப்பாடத்தை மறுபடி எழுதித் தேறுதல் வேண்டும். இராமானுஜனைத் தடுத்த வாயில் இன்றும் முற்றத் திறந்துவிடவில்லை.

அண்ணா சர்வகலாசாலையின் கணக்கு வேறு. அங்கே 2017-ஆம் ஆண்டு விதிகளில் 71 முதல் 80 வரை யாவும் எட்டுப் புள்ளி என்றிருந்தது. 81 வந்தால் ஒன்பது. ஒரு மதிப்பெண்ணுக்கு ஒரு புள்ளி ஏறிற்று. பொறியியல் மாணவர் 79-இல் நின்றதற்கும் கலைக்கல்லூரி மாணவர் 79-இல் நிற்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பெற்றோர் உணர்தல் நன்று.

மனத்தினாலேயே கோயிலெடுத்த பூசலார் ஊரில் வாழும் நாம் ஒரு சராசரிக்கு அஞ்சுவதென்? பட்டப்படிப்பின் மொத்தக் கிரெடிட் 140 என்று கொள்வோம். முதற் பருவத்தில் 24 கிரெடிட்டுக்கு 5.8 பெற்றவன் முடிவில் 6.0 எட்ட, எஞ்சிய 116-இல் 6.04 பெற்றாற் போதும். அதே 5.8-உடன் ஐந்து பருவங்களையும் கடந்து 115 கிரெடிட் முடித்தவனோ, கடைசி 25-இல் 6.92 பெற்றாக வேண்டும். குறை ஒன்றே; காலந்தாழ்த்தமையால் விலை ஏறிற்று. (மொழிப்பகுதிக்கும் முதன்மைப் பாடத்திற்கும் தனித்தனி வகுப்பிடுதலும் உண்டு, எளிமை கருதி ஒன்றாகக் கூட்டினோம்.) ஆகவே பிள்ளையை வினவவேண்டிய காலம் முதற் பருவத்தின் முடிவு, மூன்றாம் ஆண்டின் மாசி பங்குனி அன்று. கிரெடிட் மிகுந்த பாடத்தை முதலிற் பார்க்க; கல்லூரியிலேயே இடப்பெறும் 25 மதிப்பெண்ணைச் சிறிதென்று விடற்க.

படிக்கும் வகைக்கு மீண்டும் நன்னூலையே காட்டுவோம். ஆசிரியர் சொல்வதை நன்கு கேட்டாலும் காற்பங்கே பற்றும். உடன்பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு கால். பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரை என்பது அதன் கணக்கு. காலை வண்டியிற் சென்னை செல்லும் நம் பிள்ளைகள் கைப்பேசியை மடித்துவைத்து ஒருவர்க்கொருவர் பாடஞ் சொல்லக் கண்டிருக்கிறோம். அவர்கள் அவ்வரையை ரயிலிலேயே ஈட்டுகின்றனர்.

இனிச் சங்க விண்ணப்பத்தில், தரப்புள்ளியோடு அது எந்தச் சர்வகலாசாலையின் அளவு என்பதையும் எழுத இடம் விட்டிருக்கிறோம். 6.4 பெற்ற பெண்ணுக்கு உதவி வழங்கப்பெற்றது. காசோலையில் முதற் கையெழுத்து அம்முதியவருடையது.