சேக்கிழார் காட்டிய அவையமும் தமிழ் காத்த சட்ட அறிஞரும்

தொண்டை நாட்டுப் புலியூர்க் கோட்டத்தைச் சேர்ந்தது குன்றத்தூர். தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் அண்மையில், குன்றின்மேல் முருகன் கோயில் கொண்ட இவ்வூரே பெரியபுராணம் தந்த சேக்கிழார் பெருமான் தோன்றிய ஊர். சோழ நாட்டுத் திருநாகேச்சுரத்தின்பால் கொண்ட பேரன்பால் அதே பெயரில் அவர் எடுப்பித்த கோயில் இன்றும் இங்கே வழிபாட்டில் இருக்கிறது. அருள்மொழித்தேவர் என்பது அவர் இயற்பெயர். உத்தம சோழப் பல்லவராயர் என்பது சோழன் வழங்கிய பட்டம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அநபாயன் எனப்பட்ட இரண்டாம் குலோத்துங்கனின் அமைச்சராக அவர் விளங்கினார்.

சேக்கிழாரைப் பக்திப் பெருங்கவிஞராகப் போற்றும் உலகம், அவர் முறை செய்யும் அரசின் தலைமை அமைச்சராக இருந்தவர் என்பதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறது. நூலைத் தந்த கவிஞர் மறந்தாரில்லை. நாடாண்ட அனுபவம் அவர் பாட்டில் பல இடங்களில் தலைகாட்டுகிறது. சிறப்பாக இரண்டு இடங்களில் அது வழக்கு மன்றமாகவே எழுந்து நிற்கிறது.

'வழக்கு' என்னும் சொல்லை முதற்கண் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இலக்கணம் கற்றார்க்கு அது மொழி வழங்கும் முறை. உலக வழக்கு, செய்யுள் வழக்கு எனப் பகுத்துரைப்பர். நீதிமன்றம் செல்வார்க்கு அது இருவரிடையே எழுந்த பிணக்கு. அறத்தை ஒழுக்கம், வழக்கு, தண்டம் என மூன்றாக வகுத்த பரிமேலழகர், வழக்கினைப் பதினெட்டு வகையாக எண்ணினார். 'சான்று' என்னும் சொல்லும் அத்தகையதே. கண்டதைக் கண்டவாறு கூறுவது சான்று. அதனோடு உறவுடைய 'சான்றோர்' என்னும் சொல்லாலேயே பழம்புலவரைத் தமிழர் அழைத்தனர். மொழியையும் முறையையும் ஒரே சொல்லால் குறித்த மக்களிடையே, சட்டம் கற்றவர் தமிழையும் காத்து நின்றது வியப்பன்று. அந்த வரிசையைக் குன்றத்தூரில் தொடங்கிக் காண்பது பொருத்தமுடையது.

அரசன் தன்னைத் தானே விசாரித்த வழக்கு

திருவாரூரின் சிறப்பைக் கூறப் புகுந்த சேக்கிழார் மனுநீதிச் சோழன் வரலாற்றை விரித்துரைக்கிறார். இளவரசனின் தேர்க்காலில் கன்று மாள்கிறது; தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைக்கிறது. கதை எல்லாரும் அறிந்ததே. அமைச்சர்க்கும் அரசனுக்கும் இடையே நிகழும் வாதமே இங்குக் கருதத்தக்கது. பசுவதை செய்தார்க்கு மறையோர் விதித்த கழுவாய் உண்டு, அதுவே போதும் என்கின்றனர் அமைச்சர். மன்னன் மறுக்கிறான். பிறன் ஒருவன் ஓர் உயிரைக் கொன்றால் அவனைக் கொல்லும் தான், தன் மகன் கொன்றபோது மட்டும் கழுவாய் தேடினால் உலகம் நகையாதோ என்பது அவன் வினா. ஊராருக்கு ஒரு சட்டமும் அரண்மனைக்கு ஒரு சட்டமும் இருத்தல் ஆகாது என்னும் கொள்கை அவ்வினாவில் அடங்கிக் கிடக்கிறது.

மகன்மேல் தேர் செலுத்தப் பணிக்கப்பட்ட அமைச்சன் அதனைச் செய்யமாட்டாது தன்னுயிரை நீத்தான் என்றும், பின் அரசனே தேரூர்ந்தான் என்றும் காப்பியம் கூறும். முறைக்கும் இரக்கத்துக்கும் இடையே நசுங்கிய அந்த அமைச்சனைப் பாடியவரும் ஓர் அமைச்சரே என எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை உண்டு. அச்சிலையின் கதையைத் தமிழர் நெஞ்சில் அழுத்தமாகப் பதித்த கை குன்றத்தூர்க் கை.

வெண்ணெய்நல்லூர் அவை

இரண்டாவது மன்றம் தடுத்தாட்கொண்ட புராணத்தில் வருவது. நம்பியாரூரரின் மணப்பந்தலில் முதிய மறையவர் ஒருவர் புகுந்து, மணமகன் தமக்கு வழிவழி அடிமை என்கிறார். ஆரூரர் அவரைப் பித்தன் என்று இகழ்கிறார். அவர் காட்டிய ஓலையைப் பறித்துக் கிழித்தும் விடுகிறார். கிழிந்தது படியோலை, மூலவோலை வேறு உண்டு என்கிறார் முதியவர். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது.

இனி நிகழ்வன யாவும் முறை தவறாத விசாரணை. அந்தணர் அந்தணர்க்கு அடிமையாதல் உலகில் இல்லையே என்று அவையோர் முதலிலேயே ஐயம் எழுப்புகின்றனர். வழக்குரைத்தவரே மெய்ப்பிக்க வேண்டும் என்பது அவர்கள் நிலை. மெய்ப்பிக்கும் வழிகளாக மூன்றைச் சுட்டுகின்றனர்: ஆட்சி, ஆவணம், காட்சி. நெடுநாள் அனுபவம், எழுதிய பத்திரம், கண்டார் சாட்சியம் என்று இன்று வழங்குவன இவையே. ஓலையை மீண்டும் கிழிக்க விடாது காப்பதாக அவையிடம் உறுதி பெற்ற பின்னரே முதியவர் மூலவோலையை நீட்டுகிறார். கரணன் அதனை வாங்கித் தொன்மை நோக்கி, அவை கேட்க உரக்கப் படிக்கிறான். சான்றாகக் கையெழுத்திட்டவர்கள் தம் எழுத்தை நோக்கி ஒப்புகின்றனர். எழுதியது பாட்டனார் கையெழுத்துத்தானா என்று ஆரூரரைப் பார்க்கச் சொல்கின்றனர். பேரன் எங்ஙனம் அறிவான், பாட்டன் எழுதிய வேறோர் ஓலையைக் கொணர்ந்து ஒப்பு நோக்குக என்கிறார் முதியவர். காப்பில் இருந்த பழைய ஓலை வருகிறது. இரண்டும் ஒத்திருக்கின்றன. நாவலூரர் தோற்றார் என்று அவை தீர்க்கிறது.

இதன்பின் ஆரூரர் கூறும் மறுமொழியே இவ்வழக்கின் உயிர்நிலை. முறை இதுவாயின் தாம் இசையேன் என்று மறுத்தல் தகுமோ என்று அவர் ஏற்றுக்கொள்கிறார். பந்தலில் ஓலையைக் கிழித்த கை, அவையில் அடங்கிவிடுகிறது. ஓலை அவர் மொழியில் இருந்தது. படித்த குரல் அவர் செவிக்கு விளங்கியது. கேட்ட வினாவும் வந்த விடையும் அவர்முன் அவருக்குப் புரியும்படி நிகழ்ந்தன. வென்றவர் மகிழ்வது எந்த மன்றத்திலும் நிகழும். தோற்றவர் தாம் ஏன் தோற்றார் என்பதை உணர்ந்து எழுவதே நல்ல மன்றத்தின் இலக்கணம். இறைவன் ஆட்கொண்ட அற்புதத்தைப் பாட வந்தவர், அற்புதத்தைச் சற்றே நிறுத்தி வைத்து, ஊரவையின் ஒழுங்கை இத்துணை நுணுக்கமாகக் காட்டியதன் கருத்தும் இதுவாதல் கூடும். முறை பிறழாத தீர்ப்பின் வாயிலாகவே அருளும் வருகிறது.

மாயூரத்து முன்சீப்

காலம் மாறியது. கும்பினி ஆட்சியில் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலமாயிற்று. தோற்றவர்க்கு மட்டுமன்றி வென்றவர்க்கும் தீர்ப்பு விளங்காத நிலை நேர்ந்தது. அதனைக் கண்டு வருந்தி, வருத்தத்தோடு நின்றுவிடாமல் எழுதுகோல் எடுத்தவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826-இல் பிறந்த அவர், நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றி, 1857-இல் தரங்கம்பாடி முன்சீப் ஆனார். பின்னர்ச் சீர்காழியிலும் மாயூரத்திலும் அப்பதவி வகித்தார். சதர் நீதிமன்றம் 1805 முதல் 1861 வரை அளித்த தீர்ப்புகளைத் தமிழில் திரட்டி, 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் பெயரால் 1862-இல் வெளியிட்டார். சென்னை உயர் நீதிமன்றம் தோன்றியதும் அதே ஆண்டில்தான். ஆங்கில நீதியின் புதிய மாளிகை எழுந்த ஆண்டிலேயே, அம்மாளிகைக்குத் தமிழ்ச் சாளரம் ஒன்று திறக்கப்பட்டது.

தமிழின் முதல் நாவலெனப் பெறும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் வெளிவந்தது. தமிழறிந்த நீதிபதி முன்னிலையில், தமிழ்க் கட்சிக்காரர்க்காகத் தமிழ் வழக்கறிஞர் ஆங்கிலத்தில் வாதிடும் விந்தையை அதில் அவர் எள்ளி நகையாடுகிறார். கட்சிக்காரன் தன் வாழ்வு முடிவாவதைக் கேட்டும் அறியாதவனாய் நிற்கும் நிலையை நாள்தோறும் நீதி இருக்கையிலிருந்து கண்டவரின் நகைப்பு அது. வெண்ணெய்நல்லூர் அவையில் ஆரூரர்க்குக் கிடைத்தது மாயூரத்து உழவனுக்குக் கிடைக்கவில்லை என்பதே அதன் உட்பொருள்.

மூலவோலை தேடியவர்

படியோலை, மூலவோலை என்னும் வேறுபாட்டை வாழ்நாள் தொழிலாக்கிக்கொண்டவர் சி. வை. தாமோதரம் பிள்ளை. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832-இல் பிறந்த அவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர். சட்டமும் பயின்று, புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதியாக விளங்கினார்.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன் 1868-இலும், வீரசோழியத்தை 1881-இலும், கலித்தொகையை 1887-இலும் அவர் அச்சேற்றினார். ஏடுகள் எடுக்கும்போதே ஒடிவதையும், கட்டவிழ்க்கும்போதே இதழ் முறிவதையும் தம் பதிப்புரைகளில் அவர் கண்ணீரோடு எழுதியுள்ளார். அழிந்துகொண்டிருந்த சான்றுகளைக் காப்பில் வைக்க முனைந்த நீதிபதியின் துடிப்பு அது. பல ஏடுகளைத் தேடித் திரட்டி, ஒன்றோடு ஒன்று ஒப்பு நோக்கி, எது மூல பாடம் எனத் துணியும் பதிப்புப் பணிக்கும், வெண்ணெய்நல்லூர் அவை பாட்டன் ஓலையோடு வழக்கோலையை ஒப்பு நோக்கிய பணிக்கும் வேறுபாடு மிகுதியாக இல்லை.

சன்னது இழந்தவரும் உரை கண்டவரும்

வ. உ. சிதம்பரம் பிள்ளை கப்பலோட்டிய தமிழர். அதற்கு முன் ஒட்டப்பிடாரத்திலும் தூத்துக்குடியிலும் ஏழைகளுக்காக வாதாடிய வழக்கறிஞர். 1908-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நீதிபதி பின்ஹே அவருக்கு இரண்டு ஆயுள் தண்டனைகளை, மொத்தம் நாற்பது ஆண்டுகள், விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1912-இல் விடுதலையானார். ஆயினும் வழக்குரைக்கும் சன்னது பறிபோயிற்று. வறுமை சூழ்ந்த சென்னை வாழ்வில் அவர் கைக்கொண்டது ஏட்டுப் பணி. திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையுடன் 1917-இல் பதிப்பித்தார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் வகுத்த உரையையும் வெளிக்கொணர உழைத்தார். வாதாடும் மன்றம் மூடப்பட்டபோது, தமிழ் என்னும் மன்றம் அவருக்குத் திறந்திருந்தது. சன்னது மீளத் துணை நின்ற ஆங்கில நீதிபதி வாலிசின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். தன்னைத் தண்டித்த ஆட்சியின் நீதிபதியே ஆயினும், முறை செய்தவரை மறவாத பண்பு அது.

கோவைச் சிறையில் வ. உ. சி. வாடிய நாளில் அவருக்குத் துணை நின்றவருள் அவ்வூர் வழக்கறிஞர் சி. கே. சுப்பிரமணிய முதலியார் ஒருவர். 1878 முதல் 1961 வரை வாழ்ந்த அப்பெருமகனார், பெரியபுராணம் முழுமைக்கும் பல்லாண்டு உழைத்து ஏழு தொகுதிகளில் பேருரை வகுத்தார். சொல்தோறும் நின்று, பொருள் கண்டு, பாடம் ஆய்ந்து செல்லும் உரை அது. அமைச்சராய் இருந்து முறை அறிந்தவர் பாடிய காப்பியத்துக்கு, மன்றத்தில் நின்று முறை அறிந்தவரே உரைகாரராக வாய்த்தார். எழுநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளியைக் கடந்து குன்றத்தூரும் கோவையும் கைகோத்த இடம் அது.

இதே மரபில் கா. சுப்பிரமணிய பிள்ளை குறிப்பிடத்தக்கவர். சட்டத்தில் முதுகலைப் பட்டம் பெற்று 'எம்.எல். பிள்ளை' என்றே அறியப்பட்ட அவர், கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் தாகூர் சட்டச் சொற்பொழிவாளராக 1920-இல் தேர்வு பெற்றார்; சென்னைச் சட்டக் கல்லூரியில் கற்பித்தார்; தமிழ் இலக்கிய வரலாறும் எழுதினார். நீதிபதி எஸ். மகராஜன் சேக்சுபியர் நாடகங்களைத் தமிழாக்கியதோடு, சட்டத்தைத் தமிழில் வழங்கும் ஆட்சிமொழிச் சட்டப் பணிக்கும் தலைமை தாங்கினார். தலைமை நீதிபதியாய் இருந்த மு. மு. இசுமாயில், வாலிவதை பற்றிய வினாக்களைக் கம்பன் சொற்களையே சான்றாகக் கொண்டு ஆராய்ந்தார். 1981-இல் வேறு மாநிலத்துக்கு மாற்றப்பட்டபோது பதவியைத் துறந்து, கம்பன் பணியில் நிலைத்தார்.

இன்னும் தீராத வழக்கு

இத்துணைப் பேர் உழைத்தும் வேதநாயகர் தொடுத்த வழக்கு முடிந்தபாடில்லை. 1976-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் தமிழ் இடம்பெற்றது. உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலமே. அரசியல் சட்டத்தின் 348-ஆம் பிரிவு, குடியரசுத் தலைவர் இசைவுடன் மாநில ஆட்சிமொழியை உயர் நீதிமன்றத்தில் பயன்படுத்த வழி தருகிறது. இராசத்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய மாநிலங்களில் அவ்வகையில் இந்தி புகுந்தது. தமிழுக்காகத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் நிறைவேற்றியது. உச்ச நீதிமன்றம் 2012-இல் அதற்கு இசையவில்லை. 2019 முதல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சில தமிழிலும் பெயர்க்கப்படுகின்றன. அது வரவேற்கத்தக்கதே. ஆயினும் பெயர்ப்பு படியோலைதான். மூலவோலை இன்னும் ஆங்கிலத்தில் இருக்கிறது.

தமிழில் சட்டச் சொல் இல்லை என்போர்க்கு விடை குன்றத்தூரில் உண்டு. ஆட்சி, ஆவணம், காட்சி, படியோலை, மூலவோலை, கைச்சாத்து, ஒப்பு நோக்கு என வேண்டும் சொற்களெல்லாம் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் காப்பியத்தில், வழக்காடும் மாந்தர் வாயில் இயல்பாக நடமாடுகின்றன. சொல்லைக் காக்கும் கடன் புலவர்க்கு உண்டு. அதனை மன்றத்தில் ஒலிக்கச் செய்யும் கடன் சட்டம் கற்றார்க்கு உண்டு. இவ்விரு கடனையும் ஒருவரே ஆற்றிய காலம் இருந்தது என்பதற்கு மேலே கண்டோர் சான்று.

வெண்ணெய்நல்லூர் அவையில் தோற்றவர் தம் தோல்வியை உணர்ந்து எழுந்தார், எழுந்தபின் பாடினார். தேவாரத்தின் ஒரு பகுதியே அத்தோல்வியிலிருந்து பிறந்தது. தோற்றவனுக்கும் விளங்கும் தமிழில் தீர்ப்பு வாசிக்கப்படும் நாள், குன்றத்தூர் அமைச்சர் காட்டிய அவையம் மீண்டும் கூடும் நாளாகும்.