விளையாட்டுப் பொருள் வணிகம் (கடலூர், சிதம்பரம்)

பந்து, மட்டை, வலை, சீருடை, கோப்பை, கேடயம் முதலியவற்றின் சில்லறை விற்பனை. கடலூர், சிதம்பரம் ஆகிய இரு ஊர்களிலும் இதற்கு முதன்மையான வாடிக்கையாளர்கள் பள்ளி, கல்லூரிகளும் விளையாட்டுக் குழுக்களுமே.

இவ்வணிகத்தின் வேர் பஞ்சாபில் இருக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் சியால்கோட் கைவினைஞர்கள் டென்னிஸ் மட்டையும் தோல் பந்தும் செய்து இராணுவக் குடியிருப்புகளுக்கு விற்றுத் தேர்ந்தனர். ஹாக்கி மட்டைக்கு முசுக்கட்டை மரமும் கிரிக்கெட் மட்டைக்குக் காஷ்மீர் வில்லோ மரமும் உதவின. 1947 பிரிவினையில் சியால்கோட் பாகிஸ்தான் பக்கம் போனது. அங்கிருந்து வந்த இந்து, சீக்கியக் குடும்பங்கள் ஜலந்தரிலும் மீரட்டிலும் மறுபடி பட்டறை போட்டன. சியால்கோட்டில் 1931-இல் தொடங்கிய எஸ்.ஜி. நிறுவனம் மீரட்டிலும், 1934-இல் தொடங்கிய நிவியா நிறுவனம் ஜலந்தரிலும் நிலைகொண்டன. இவ்வட இந்தியச் சரக்கு தமிழகச் சிற்றூர்களுக்குப் போகும் வழிகளில் முக்கியமானது சென்னைப் பெரியமேட்டு மொத்தக் கடை. தஞ்சையில் உருவானதாகக் கருதப்படும் பூப்பந்தாட்டத்தின் கம்பளிப் பந்தும் இக்கடைகளில் கிடைக்கும்.

1929-இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் விடுதி மாணவர்களும் உடற்கல்வித் துறையும் சிதம்பரத்தின் பெரும் பலம். கடலூருக்கு அண்ணா விளையாட்டரங்கமும், 1993-இல் தென்னார்க்காடு பிரிவதற்கு முன்பிருந்தே உள்ள மாவட்டத் தலைநகர்த் தகுதியும் உண்டு. ஊர்ப்புறத்தின் உயிரான கபடியால் கடைக்காரருக்குப் பெரிய ஆதாயமில்லை. பனியனையும் கோப்பையையும் தவிர அதற்கு விற்க என்ன இருக்கிறது? டென்னிஸ் பந்துக் கிரிக்கெட் அப்படியல்ல. பந்து கிழியும், தொலையும், மறுநாளே இன்னொன்று வேண்டும்.

1991-இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதாகச் சொல்வது வழக்கம். சில்லறைக் கடைக்காரருக்கு உண்மையான திறப்பு 2001 ஏப்ரல் 1-தான். நுகர்பொருள் இறக்குமதியில் எஞ்சியிருந்த அளவுக் கட்டுப்பாடுகள் அன்று நீங்கின. அதற்கு முன்பே, 1990-களின் நடுவில், ரீபாக், நைக், அடிடாஸ் காலணிகள் பெருநகரங்களில் இறங்கிவிட்டன. சிற்றூர் இளைஞர்கள் அவற்றைத் தொலைக்காட்சியில் பார்த்துக் கடையில் பெயர் சொல்லிக் கேட்கத் தொடங்கினர். ஆனால் கடனுக்குக் கொடுத்து, பள்ளியின் காசோலைக்குக் காத்திருக்கும் கடைக்காரருக்கு விலையுயர்ந்த சரக்கை வாங்கி அடுக்க முதல் ஏது?

2009-இல் இந்தியாவில் கால்வைத்த டெகாத்லான் விளையாட்டுப் பொருள் நிறுவனமும் இணைய விற்பனையும் இப்போது போட்டி. ஆனாலும் மட்டைக்கு நரம்பு கட்டுவதும் கேடயத்தில் பெயர் பொறிப்பதும் உள்ளூர்க் கடைகளின் வேலை.