கம்மங்கூழுக்குக் கோதுமையும் வேண்டாம், பாலும் வேண்டாம்

பாலும் கோதுமையும் ஒத்துக்காதவங்க காலையில என்ன சாப்பிடுறதுன்னு பட்டணத்துல தேடுறாங்க. அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து மானாவாரிக் காட்டுல பரம்பரைச் சாப்பாடே அதுதான். மழையை நம்பி விளையுற கம்பு, சோளம், குதிரைவாலி எதுலயும் குளூட்டன் கிடையாது. ராத்திரி ஆக்கின கம்மஞ்சோற்றை உருண்டை பிடிச்சுத் தண்ணியில போட்டுவைப்போம். விடிஞ்சதும் உப்புப் போட்டுக் கரைச்சு, சின்ன வெங்காயம் கடிச்சுக் குடிச்சிட்டு காட்டுக்குக் கிளம்புவோம். மோர் இருந்தா ஊத்துவோம், இல்லாட்டி நீராகாரம். நெல்லுச்சோறு தீபாவளி, பொங்கலுக்குத்தான்.

1956-ல் போட்ட பி.எல். 480 ஒப்பந்தப்படி அமெரிக்கக் கோதுமை கப்பல்ல வந்தது. பிறகு ரேஷன் அரிசி பசியை ஆத்துச்சு. கூழ் ஏழைச் சாப்பாடுன்னு ஒதுங்கிருச்சு. கம்பு நின்ன காட்டுல இப்ப மக்காச்சோளம் நிக்குது. 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சது.

ஒரு எச்சரிக்கை: கோதுமை அரைச்ச மில்லுல கம்பை அரைச்சா அதுவும் கலந்துரும். பெருங்காயத் தூள்லயும் மைதா சேர்ப்பாங்க, பார்த்து வாங்குங்க. நீங்க கேட்டு வாங்கினா, நாங்க கம்பு விதைப்போம்.