தாய்மையும் குருதியும்: சபரகமுவத் தோட்டப் பெண்களை முன்வைத்து ஒரு நோக்கு

குருதி கொடுக்கவோ பெறவோ வரும் பெண்ணிடம் மகப்பேறு பற்றி மருத்துவர் வினவுவதற்கு ஒரு வரலாறு உண்டு. நியூயோர்க்கில், குழந்தையை இறந்து பிறக்கக் கண்ட தாயொருத்திக்குக் கணவனின் குருதி ஏற்றப்பட்டது. இருவரும் 'ஓ' வகையினரே. எனினும் அவளுடல் அக்குருதியைக் கடுமையாக எதிர்த்தது. இதனை 1939 இல் லெவின், ஸ்ரெற்சன் ஆகியோர் வெளியிட்டனர். வகை ஒத்த 104 பேருள் 80 பேரின் குருதியை அவளது குருதிநீர் திரளச் செய்ததாம்! தந்தை வழியே குழந்தை பெற்ற ஒரு பொருளுக்கெதிராகத் தாயுடல் பிறபொருளெதிரிகளை ஆக்கியிருந்தது. றீசஸ் காரணியெனப் பின்னர் அறியப்பட்டது அதுவே. பல முறை கருவுற்றோரிடம் வெண்கலங்களுக்கெதிரான பிறபொருளெதிரிகளும் உண்டென்பது 1958 இல் தெளிவாயிற்று. அவை குருதி பெறுவோரின் நுரையீரலைத் தாக்கக்கூடும் என்பதாலேயே சில நாடுகள் ஏற்றுதற்குரிய குருதிநீரை ஆண்களிடமிருந்து பெற விழைகின்றன.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களை நோக்கின், இவ்வினாவுக்கு வேறொரு பொருளும் புலப்படும். ஈரமண், வெறுங்கால், மலசலகூடமற்ற லயம் என்பன கொளுக்கிப்புழு தழைக்க வழி செய்தன. றொக்பெல்லர் மன்றத்தின் துணையுடன் அதற்கெதிரான இயக்கம் 1916 இல் மாத்தளைத் தோட்டங்களிற் தொடங்கியது. புழு குருதியை உறிஞ்ச, கரு இரும்புச்சத்தைக் கொள்ள, அடுத்தடுத்த பேறுகள் சோகையைப் பெருக்கின. நியூயோர்க் ஆய்வு வெளிவந்த அதே 1939 இலேயே இலங்கையில் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. ஆனால், சில வாரக் கொடுப்பனவு இழந்த குருதியை மீட்டுத் தருமா? உலக சுகாதார நிறுவனம் 2012 இல் வெளியிட்ட நெறிகள், கொடையாளியான பெண்ணுக்கு ஈமோகுளோபின் 12 கிராமேனும் இருத்தல் வேண்டுமெனவும், பேற்றின் பின் சில காலம் கொடுக்கலாகாதெனவும் கூறுகின்றன. சோகையுற்ற தொழிலாளப் பெண்ணை இந்நெறி விலக்குவது அவளைக் காப்பதற்கே. அதனை அவமதிப்பெனக் கொள்ளலாகாது.

அவள் குருதி பெறும் நிலையிற்றான் அச்சம் மிகுதி. கருச்சிதைவும் பிறபொருளெதிரிகளைத் தோற்றுவிக்கலாம். லயத்திற் கலைந்த கருவோ பதிவேறாமற் போவதுண்டு. ஆண்டுகள் செல்ல, அப்பிறபொருளெதிரிகள் சோதனைக்குத் தென்படாத அளவிற்குக் குறைந்து, ஒவ்வாத குருதி மீண்டும் ஏறியதும் விரைந்து பெருகும். ஆகவே முந்திய கருப்பங்களைப் பற்றி அவளே சொல்வது ஆய்வுகூட முடிவுக்கு நிகரான தகவலாகின்றது. மருத்துவமனைக் கட்டிலருகே அதனைத் தமிழிற் கேட்டுப் பதிபவர் ஒருவர் இருத்தல் வேண்டும்.