தலைக்குப் பதினேழு பவுன்

பணம் கொடுத்து மனிதரை நெறிப்படுத்தலாம் என்பதற்குப் பொருளியல் ஆசிரியர்கள் விரும்பிச் சொல்லும் கதை ஒன்றுண்டு. பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளை ஏற்றிச் சென்ற கப்பல்களின் கதை. பெரும்பாலும் அதன் முற்பாதி மட்டுமே சொல்லப்படுகிறது.

1790 ஜூனில் சிட்னியை அடைந்த இரண்டாம் கப்பல் தொகுதியின் ஒப்பந்தம் கேம்டன், கால்வர்ட், கிங் என்ற நிறுவனத்துக்குக் கிடைத்திருந்தது. அடிமை வணிகத்தில் தேர்ந்த நிறுவனம் அது. ஒரு தலைக்கு 17 பவுன் 7 ஷில்லிங் 6 பென்ஸ். அதுவும் இங்கிலாந்தில் ஏற்றப்பட்ட தலைகளுக்கு. உயிரோடு இறங்குகிறார்களா என்பது கணக்கிலேயே வரவில்லை. மீந்த உணவைச் சிட்னியில் நல்ல விலைக்கு விற்க முடிந்ததால், கைதியின் பட்டினியும் இலாபமாயிற்று. ஏறத்தாழ ஆயிரம் கைதிகளில் நான்கில் ஒருவர் கடலிலேயே மாண்டனர். நெப்டியூன் கப்பலில் மட்டும் 150 பேருக்கு மேல். அக்காலக் குறிப்புகளில் ஒரு செய்தி மனத்தை விட்டு அகல மறுக்கிறது. அருகில் கிடந்தவன் இறந்ததைச் சக கைதிகள் மறைத்து வைத்தார்களாம், அவனுடைய பங்கு உணவைப் பெறுவதற்காக. மேல்தளத்தில் செயல்பட்ட அதே கணக்கு, விலங்கிட்டுக் கிடந்தவர்களிடமும் செயல்பட்டிருக்கிறது!

நெப்டியூனின் காப்டன் டொனால்ட் டிரெயில் மீது 1792இல் கொலை வழக்கு நடந்தது, விடுதலையானார். எனினும் அரசு ஒப்பந்தத்தை மாற்றியது. கட்டணத்தின் ஒரு பகுதி, நலமாகக் கரையிறங்கும் கைதிக்கே தரப்படும் என்றாயிற்று. அடுத்து வந்த சில கப்பல்களில் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. ஆசிரியர்கள் இங்கே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

ஆனால் 1799இல் ஹில்ஸ்பரோ கப்பல் வந்தது. அதற்கும் ஊக்கத்தொகை உண்டு. 300 கைதிகளில் 95 பேர் இறந்தனர். சிறைக்கப்பல்களிலிருந்து கைதிகளோடு ஏறிய டைபஸ் காய்ச்சலுக்கு ஒப்பந்தம் வாசிக்கத் தெரியாது. 1814இல் சர்ரி கப்பலில் அதே காய்ச்சலுக்குக் காப்டனே பலியானார். தன் உயிரைவிடப் பெரிய ஊக்கத்தொகை எவருக்குத்தான் இருக்க முடியும்?

அவ்வாண்டு விசாரணையை மேற்கொண்டவர் வில்லியம் ரெட்ஃபெர்ன். 1797 கடற்படைக் கலகத்தில் தண்டனை பெற்று, தாமே நாடுகடத்தப்பட்டு வந்த மருத்துவர். காற்றோட்டம், தூய்மை, நாள்தோறும் கைதிகளை மேல்தளத்துக்கு வரவிடுதல் ஆகியவற்றைக் கேட்ட அவர், காப்டனுக்கு அஞ்சாத மருத்துவ அதிகாரி ஒருவர் கப்பல்தோறும் வேண்டும் என்றார். 1815 முதல் கடற்படை மருத்துவர்கள் அப்பொறுப்பில் அமர்த்தப்பட்டனர்.